வெந்நியின் மகள் வயிற்றில்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் வெந்நி என்றுதான் கூப்பிட்டார்கள். அழுக்குத் துணி வந்து இறங்கும் பக்கத்தில் அவளுக்கு வேலை. வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் வரும் மூட்டைகளை அவிழ்த்து, ரத்தம் பட்டது, மலம் பட்டது, வெறும் வியர்வை என்று பிரித்து இயந்திரத்துக்குள் போட வேண்டும். சூட்டைக் கூட்டி வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. "இவ கையில விட்டா போர்வைய வேகவச்சு எடுத்துடுவா" என்று துணி மடிக்கும் மேசையில் இருப்பவள் சொல்வாள். கேலிதான். ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் சிரிப்பதில்லை.

அவளுடைய முதல் குழந்தை, மகன், ஒரு வயது நிறைவதற்குள் போய்விட்டான். வாந்தியில் ஆரம்பித்துப் பேதியில் முடிந்தது. தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் கண்கள் உள்ளே போய்விட்டிருந்தன. "வைரஸ்ம்மா. யார் கையிலருந்து வேணும்னாலும் வந்திருக்கும், உங்க தப்பு இல்ல" என்றார் டாக்டர். ஆறுதலாகத்தான் சொன்னார். அவளோ அன்றிலிருந்து எல்லோருடைய கைகளையும் பார்க்கத் தொடங்கினாள். முதலில் தன்னுடைய கைகளை. கைபட்ட எதையும் வெந்நீரில் போட்டு எடுத்தாள்; அந்தப் பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

சில வருடங்கள் கழித்து மகள் பிறந்தாள். கொழுகொழுவென்று, பால் குடித்தால் தூங்கி, தூங்கி எழுந்தால் சிரிக்கிற குழந்தை. வெந்நி வேலைக்குத் திரும்பியபோது நாத்தனார் பார்த்துக்கொள்ள வந்தாள். அடுத்த தெருவில் இருந்தவள். கல்யாணமாகி வெகுநாளாகியும் பிள்ளை இல்லை. காலையில் வந்தால், அண்ணி வேலை முடிந்து வரும்வரை குழந்தையை இடுப்பைவிட்டு இறக்கமாட்டாள். "அத்தை செல்லமே, அத்தை பட்டே" என்று கன்னம், உள்ளங்கால், தொப்புள் எல்லாம் முத்தம்தான். வெந்நிக்கு அதைப் பார்க்கும்போது உள்ளே ஏதோ சுருக்கென்று குத்தும்.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனை ஆய்வுக்கூடத்திலிருந்து ஆரோக்கியமான குழந்தைகளைத் தேடிக்கொண்டு வந்தார்கள். நோய் இல்லாத குழந்தையின் வயிற்றில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறார்களாம். அழுக்கு டயப்பரைக் கொடுத்தால் போதும். வெந்நி உடனே சரி என்றாள். யாரோ படித்தவர்கள் தன் மகளின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஏதாவது என்றால் முதலில் அவர்களுக்குத் தெரியும் என்று அவளுக்கு ஒரு தைரியம்.

டயப்பர் வாங்க வருகிறவள் சின்ன வயதுப் பெண். தோளில் ஐஸ் பெட்டி, வாயில் ஓயாத பேச்சு. அன்றும் அப்படித்தான், வாசலில் நின்று பையை மூடிக்கொண்டே சொன்னாள்:

"உங்க பாப்பா சூப்பர்க்கா. வயித்துல அத்தன வைரஸ், வகைவகையா! பாதிக்கு இன்னும் பேரே வைக்கல. எங்க லேப்ல எல்லாரும் அசந்துட்டாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, அவளுடைய போன் அடித்தது. கீழே வண்டி காத்திருக்கிறது என்றார்கள். "அடுத்த தடவ விளக்கமா சொல்றேன்க்கா" என்று படியிறங்கி ஓடிவிட்டாள்.

வெந்நி கதவைப் பிடித்தபடியே நின்றாள். உள்ளே குழந்தை தன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு. "நல்லா இருக்கிற குழந்தைக்கு என்னம்மா? சூப்பர்னுதானே சொல்லிட்டுப் போயிருக்கா" என்றான்.

"அவனும் நல்லாத்தாங்க இருந்தான்."

லிஃப்ட் கயிற்றின் கிரீஸ் நகக்கண்ணில் இருக்கிறது என்று குழந்தையைத் தொடவிடாமல் அவள் அவனை விரட்டினாள். குளித்துவிட்டு வந்து தள்ளி உட்கார்ந்தான்.

வீடு சலவைக்கூடமாயிற்று. அடுப்பில் எந்நேரமும் தண்ணீர் கொதித்தது. பொம்மை, கரண்டி, தலையணை உறை எதுவும் தப்பவில்லை. குழந்தை குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றினாள். குழந்தையின் தொடையிடுக்கு சிவந்து தோல் உரிந்தது. நாத்தனாரை வாசலிலேயே நிறுத்தி முழங்கை வரை தேய்க்கவைத்தாள். அவளும் பொறுத்துக்கொண்டு தேய்த்தாள். விரல் வெடித்து எரிந்தபோதும் "பரவாயில்ல அண்ணி, குழந்தைக்காகத்தானே" என்றாள்.

ஒரு மாலை வெந்நி சீக்கிரம் வந்துவிட்டாள். நாத்தனார் குழந்தையின் வாயோடு வாய் வைத்து "ப்ரூ... ப்ரூ..." என்று எச்சில் தெறிக்க விளையாடிக்கொண்டிருந்தாள். குழந்தை கெக்கலி கொட்டிச் சிரித்தது. வெந்நி பாய்ந்து குழந்தையைப் பிடுங்கினாள்.

"எத்தன தடவ சொல்றது? அறிவில்ல?"

"அண்ணி, சும்மா விளையாட்டுக்கு..."

"உன்கிட்டருந்துதான் இவ வயித்துக்குள்ள எல்லாம் போயிருக்கு. வேற யாரு இருக்கா இங்க? பெத்திருந்தா தெரியும்."

கடைசி வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. நாத்தனார் அழவில்லை. செருப்பை மாட்டினாள், கைப்பையை எடுத்தாள், போய்விட்டாள். மறுநாள் வரவில்லை.

வெந்நி விடுப்பு போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்தாள். அது இன்னும் மோசமாயிற்று. பார்க்கவும் பயப்படவும் நாள் முழுக்க அவளுக்கு இருந்தது. உள்ளே அத்தனை இருக்கிறதே, வெளியே தேய்த்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. துணி மடிக்கிறவளுக்கு போன் போட்டாள். "காதுவலிக்கு உங்க பொண்ணுக்கு டாக்டர் ஒரு கிருமி மருந்து குடுத்தாரே, இருக்காக்கா?" அவள் விகற்பமில்லாமல், மிச்சமிருந்த சிரப்பைத் தன் கணவனிடம் கொடுத்தனுப்பினாள். வெந்நி பாலாடையில் ஊற்றிப் புகட்டினாள். மறுநாளும் புகட்டினாள். உள்ளே கழுவுவதாகத்தான் நினைத்தாள்.

குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

முதல் டயப்பரை அவிழ்த்துப் பார்த்தாள். பச்சையாக, தண்ணீராக இருந்தது. மாற்றிய டயப்பரும் நிமிடத்தில் நனைந்தது. குழந்தை பாலைக் கக்கியது. கணவன் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலையில் நின்றுகொண்டிருந்தான், போன் எடுக்கவில்லை. அவள் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு தெருவில் ஓடினாள். முதல் தடவை ஓடிய அதே தெரு. கால்களுக்கு அது தெரிந்திருந்தது.

தன் சலவைக்கூடத்தைக் கடந்து வார்டுக்குள் போனாள். குழந்தைக்கு ஊசிவழியே தண்ணீர் ஏற்றினார்கள். டாக்டரம்மா கேட்டார்: "வேற மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் போனது. குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். "குடுத்தேன்" என்றாள். அதற்குள் வந்துவிட்ட கணவன் கட்டிலின் மறுபக்கம் நின்றான். அவன் காதிலும் அது விழுந்தது. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவன் கட்டில் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குழந்தை மீண்டுவிட்டது. மருந்தை நிறுத்தியதும் பேதி மெல்லக் கட்டுக்குள் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் அதற்கு முந்தைய சில நாட்கள் அந்த வார்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை.

ஐஸ் பெட்டிப் பெண் செய்தி கேட்டு ஓடிவந்தாள். இந்த முறை பெட்டி இல்லை. முகம் பேயறைந்தது போல் இருந்தது.

"அக்கா, நான் பாதியில விட்டுட்டுப் போயிட்டேன். அந்த வைரஸ்ல முக்காவாசிக்கு மேல பாப்பாவ ஒண்ணுமே பண்ணாது. அதெல்லாம் வயித்துல இருக்கிற பாக்டீரியாவத்தான் தொத்திக்கும். பல பேர் அந்த பாக்டீரியாவுக்குள்ளயே குடித்தனம் பண்ணிக்கிட்டு சும்மா கிடப்பாங்க. நல்லா இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் இருக்கும்."

"அந்த சிரப்பு?"

"அது வைரஸ ஒண்ணும் பண்ணாதுக்கா. அங்க இருந்த பாக்டீரியாவ, நல்லதையும் சேத்து, கொன்னுடும். அதான் வயிறு போயிருக்கு."

வெந்நி குழந்தையின் வயிற்றில் கையை வைத்தாள். பிறகு கேட்டாள்.

"என் பையன் வயித்துலயும் இதெல்லாம் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்க்கா. அவன கொண்டுபோனது வேற. அது குடல் செல்லையே நேரா தாக்குற வைரஸ்."

"நல்லது இத்தன இருந்தும் அது ஏன் தடுக்கல?"

"தெரியலக்கா. எது காப்பாத்துது, எது சும்மா இருக்குன்னு எங்களுக்கே இன்னும் சரியா தெரியாது. அதத் தெரிஞ்சுக்கத்தான் டயப்பர் வாங்குறோம்."

வெந்நி தலையசைத்தாள். "இனிமே நான் தரலம்மா. உங்க மேல கோவம் இல்ல. தெரிஞ்சா தாங்குற மனசு எனக்கு இல்ல." அந்தப் பெண் வற்புறுத்தவில்லை.

வீடு திரும்பிய அன்று கணவன் அடுப்பிலிருந்த பெரிய பாத்திரத்தை இறக்கிப் பரணில் வைத்தான். "அவனுக்கு வந்தது உன்னால இல்ல. இவளுக்கு வந்தது உன்னாலதான். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத" என்றான். அவர்கள் திருமணமானதிலிருந்து அவன் பேசிய மிக நீளமான பேச்சு அது. அன்று அவள் வாய்விட்டு அழுதாள்.

நாத்தனார் வீட்டுக்கு அவளே போனாள். வாசலில் நின்று "நான் சொன்னது பெரிய தப்பு" என்றாள். நாத்தனார் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மறுபடி வரவும் ஒப்புக்கொண்டாள். வந்தாள். சொல்லாமலே முழங்கை வரை கழுவினாள். வேண்டாம் என்று வெந்நி சொன்னாலும் கழுவினாள். அண்ணி எதிரில் குழந்தையை முத்தமிடுவதை மட்டும் அடியோடு விட்டுவிட்டாள்.

இப்போது குழந்தை நடக்கிறாள். சலவைக்கூடத்திலிருந்து வரும்போது மாடிப்படியிலேயே வெந்நிக்குக் கேட்கும், கதவுக்குப் பின்னால் அத்தையின் "ப்ரூ... ப்ரூ...", அதற்கு மகளின் கெக்கலிப்பு. பூட்டில் சாவி நுழைகிற சத்தம் கேட்டதும் இரண்டும் நின்றுவிடும். கதவைத் திறந்தால் நாத்தனார் ஜன்னலோரம் நிற்பாள், குழந்தை தரையில் தனியாக விளையாடும்.

அதனால் அவள் உடனே சாவியை எடுப்பதில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள். பயம் விட்டுப்போய்விடவில்லை, ஒவ்வொரு முத்தச் சத்தத்தையும் எண்ணத்தான் செய்கிறாள். இருந்தாலும் உள்ளே அவர்கள் விளையாடி ஓயட்டும் என்று காத்திருப்பாள்.