சாந்தோரினியில் அவர் பங்கையும் நான் குடித்த கதை

ஷார்ஜாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானத்தில் ஐந்து மணி நேரம். ஐந்து மணி நேரமும் என் வீட்டுக்காரர் மிக்கேல் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். நான் சுற்றுலாக் கம்பெனி அனுப்பிய தாளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். பழைய நகரம், மலைக் கிராமம், தேவாலயம், அதற்குக் கீழே மூன்று ஒயின் தோட்டங்கள். அந்தக் கடைசி வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

மிக்கேல் குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. விட்ட கையோடு துபாய் வீட்டைக் காலி செய்து, மது விற்கவோ குடிக்கவோ கூடாது என்று சட்டம் இருக்கும் ஷார்ஜாவுக்கு அவரை இழுத்துக்கொண்டு வந்தேன். வாடகை குறைவு என்று எல்லோரிடமும் சொன்னோம். வாடகையும் குறைவுதான். அவருக்குத் தொழில்பேட்டையில் ஒரு காரேஜில் டீசல் மெக்கானிக் வேலை, எனக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை.

வருஷா வருஷம் லீவு என்றால் தூத்துக்குடிதான். இது இருபதாவது கல்யாண வருஷம் என்பதால் ஒரே ஒரு தடவை வேறு எங்காவது போவோம் என்று அடம் பிடித்தது நான். ஒயின் இல்லாத சுற்றுலாவும் இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு மடங்கு பணம், வேனும் தங்கும் இடத்து வாசலுக்கு வராது. தோட்டம் வந்தால் நாங்கள் வேனிலேயே உட்கார்ந்துகொள்வோம், பையில் முறுக்கு இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டேன். புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

மறுநாள் காலை ஏழரைக்கு ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். சாந்தோரினிக்கு எட்டு மணி நேரம். ஊரே மேல்தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, மிக்கேல் கீழ்த்தளத்தில் இரும்புக் கதவில் காதை வைத்து நின்றார். இஞ்சினில் ஏதோ ஒன்று சரியாக அடிக்கவில்லையாம். அந்த வழியாக வந்த ஊழியரிடம் காரேஜ் இந்தியில் அதை விளக்கினார். பாய், அச்சா நஹி, கலாஸ், அதாவது சரியில்லை, தீர்ந்தது என்று கையை விரித்தார். அந்த மனிதர் என்ன புரிந்துகொண்டாரோ, கழிப்பறைக்கு வழி காட்டினார்.

மதியம் மூன்றரைக்குத் தீவு வந்தது. கடலிலிருந்து செங்குத்தாக எழும் கறுப்பும் சிவப்புமான பாறை. அதன் உச்சியில் வெள்ளை வீடுகள். துறைமுகத்திலிருந்து பேருந்து வளைந்து வளைந்து மேலே ஏறியது; ஒவ்வொரு வளைவிலும் நான் மாதாவைக் கூப்பிட்டேன். தலைநகரம் ஃபிராவிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, கார்டெராடோஸ் என்ற கிராமத்தில் எங்கள் அறை. ஆகஸ்ட் கடைசி வாரம், வெயில் முப்பது டிகிரி. ஷார்ஜாவில் நாற்பத்து மூன்றை விட்டு வந்த மிக்கேல், குளிருகிறது என்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் பகல் பன்னிரண்டரைக்கு வேன் வந்தது. ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒருவரே: யோர்கோஸ், ஐம்பது வயது, சிரித்தால் தொப்பையும் சேர்ந்து சிரிக்கும். எங்களோடு ஹாலந்து நாட்டிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதி. நாலு பேருக்கு ஒரு வேன்.

முதலில் அக்ரோதிரி. மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் எரிமலைச் சாம்பலில் மூடிக் கிடந்த நகரம். பெரிய கூரைக்குக் கீழே பலகை நடைபாதையில் நடந்து, மாடி வீடுகளையும் தெருக்களையும் ஆள் உயரத் தாழிகளையும் பார்த்தோம். சாக்கடை வசதிகூட இருந்திருக்கிறது. அங்கே ஒரு வீட்டுச் சுவரில் கிடைத்த ஓவியத்தை யோர்கோஸ் தன் டேப்லெட்டில் காட்டினார். ஒரு இளைஞன் இரண்டு கையிலும் கொத்து கொத்தாக மீனைக் கயிற்றில் கோத்துப் பிடித்து நிற்கிறான். மிக்கேல் அதை உற்றுப் பார்த்துவிட்டு, மீன் கொழுத்த மீன், நல்ல விலைக்குப் போயிருக்கும் என்றார். மீன்பிடி ஊரான மணப்பாட்டுக்காரர் வேறு என்ன சொல்வார்.

இரண்டரை மணிக்கு முதல் தோட்டம். இங்கே திராட்சைக்குப் பந்தல் கிடையாது. காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று கொடியை வட்ட வட்டமாகச் சுற்றி, தரையோடு தரையாக ஓலைப்பெட்டி முடைந்த மாதிரி வளர்க்கிறார்கள். காய் அந்தப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. இதையெல்லாம் வேன் ஜன்னல் வழியே பார்த்தேன், திட்டப்படி. இரண்டு நிமிடத்தில் யோர்கோஸ் வந்து கதவைத் திறந்தார். விருந்தாளி வெயிலில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது அவருக்குக் கேவலமாம். என் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். பாஸ்போர்ட் அதில்தான் இருக்கிறது. பின்னாலேயே ஓடினோம்.

உள்ளே மேஜையில் ஆளுக்கு நாலு சின்னக் கிண்ணம், நடுவில் ஒரு மண்ஜாடி. தோட்டக்காரர் எங்கள் எட்டுக் கிண்ணத்திலும் ஒவ்வொரு வாய் ஊற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். மிக்கேல் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, வாத்தியார் முன்னால் உட்கார்ந்த பையன் மாதிரி நேரே சுவரைப் பார்த்தார். நான் அவர் முன்னால் இருந்த கிண்ணங்களை எண்ணினேன்.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. கிண்ணத்தில் இருந்தால்தானே ஆபத்து. என் நாலையும் குடித்தேன். அவருடைய நாலையும் இழுத்து, நர்ஸ் புத்தி, வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். ஹாலந்து அம்மா அதைப் படம் எடுத்தார். கடல் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருந்தது. இருமல் மருந்தைவிட மோசமில்லை.

நம் வழக்கம் என்ன? இலையில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டால்தான் வைத்தவருக்கு மரியாதை. அவர்கள் வழக்கம் என்ன? கிண்ணம் காலியாக இருந்தால் விருந்தாளிக்கு இன்னும் வேண்டும் என்று பொருள். நான் மரியாதையாகக் காலி செய்தேன், தோட்டக்காரர் மரியாதையாக நிரப்பினார். மூன்று சுற்று இப்படி ஒருவரை ஒருவர் மதித்துக்கொண்டோம். யோர்கோஸ் மணியைப் பார்த்து எழுந்ததால் பிழைத்தேன்.

நான்கு மணிக்கு இரண்டாவது தோட்டம். அறுத்த திராட்சைக் குலைகளைத் தரையில் பரப்பி வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு நாள், பதினான்கு நாள் காய்ந்த பிறகு பிழிந்தால் இனிப்பு ஒயினாம். அப்படியே எங்கள் ஊர்க் கருவாட்டுக் களம். ஈ ஓட்டுவதற்கு உப்புத் தூவலாம் என்று நான் யோசனை சொன்னேன். நான் இங்கிலீஷில் சொன்னதாகத்தான் நினைத்தேன். தமிழில் சொன்னேன் என்று மிக்கேல் பிறகு சொன்னார். இங்கேயும் எட்டுக் கிண்ணம், இங்கேயும் மரியாதை.

ஐந்தேகால் மணிக்குப் பிர்கோஸ். தீவிலேயே உயரத்தில் இருக்கும் கிராமம், தெருவெல்லாம் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டு என்னை ஏற்றிக்கொண்டு போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சின்னக் கோயிலில் மெழுகுவர்த்திப் புகை, பொன் பூசிய படங்கள், வாசலில் கறுப்பு அங்கி போட்ட தாடிக்காரப் பாதிரியார். நான் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்து, நன்றாக இருக்கிறது, தண்ணீர் மட்டும் நிறையக் குடியுங்கள் என்று சொன்னேனாம். அவர் என் தலையில் சிலுவை போட்டாராம். மிக்கேல் ஒரு கையில் என் கைப்பையும் மறு கையில் என் செருப்புமாக நின்றாராம். எனக்கு நினைவிருப்பது படிக்கட்டு மட்டும்தான்.

ஆறரைக்கு மூன்றாவது தோட்டம், பாறை விளிம்பில். கீழே முந்நூறு மீட்டர் ஆழத்தில் கடல், சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வந்திருந்தவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்தி அதைப் பார்த்தார்கள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு, மேஜை நகராமல் பார்த்துக்கொண்டேன்.

ஆளுக்கு ஒரே ஒரு கிண்ணம் இனிப்பு ஒயின் வந்தது. பழைய தேன் நிறம். என்னுடையதைத் தூக்கினேன், வயிறு முடியாது என்றது. வைத்துவிட்டேன். மிக்கேலின் கிண்ணம் அவர் முன்னால் இருந்தது. அதை எட்டி எடுக்க எனக்குத் தெம்பில்லை. ஒன்பது வருஷம் கட்டிக் காத்தது என் கண் முன்னாலேயே போகப்போகிறது என்று எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் ஹாலந்துக்காரர் ஒரு வாய் சுவைத்துவிட்டு, மிச்சத்தை அலட்சியமாக நடுவிலிருந்த மண்ஜாடியில் ஊற்றினார். அவர் மனைவியும் ஊற்றினார். பக்கத்து மேஜையிலும் அதே கதை. யோர்கோஸைக் கேட்டேன். ஜாடி அதற்குத்தான், எல்லாத் தோட்டத்திலும் உண்டு, குடிப்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன் என்றார்.

மிக்கேலைப் பார்த்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. முதல் தோட்டத்திலேயே ஹாலந்துக்காரர் ஊற்றியதை இவர் பார்த்திருக்கிறார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல நீங்க?"

"சொன்னா நம்புவியாட்டி? ஜாடியில ஊத்திட்டேன்னு நான் சொன்னாலும், நீ என் வாய மோந்துதான பாப்ப?"

ஒன்பது வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் அவர் டூட்டி முடிந்து வரும்போது, சாப்பாட்டுப் பையை வாங்குகிற சாக்கில் கிட்டே போய் மூச்சை இழுப்பேன். டீசலும் வேர்வையும் மட்டும் இருந்தால் நிம்மதியாக உள்ளே போவேன். அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

உள்ளே போயிருந்த ஒயின் என் வாயைத் திறந்துவிட்டது. "பயமா இருக்கு. ஒன்பது வருஷமா தெனமும் பயமாத்தான் இருக்கு" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார் மிக்கேல்.

பிறகு கிண்ணத்தை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்தார். உலர்ந்த பேரீச்சம்பழ வாசனை வருகிறது என்று சொல்லிவிட்டு, கடைசிச் சொட்டு வரை ஜாடியில் கவிழ்த்தார். என்னுடையதையும் கவிழ்த்தார். அதன் பிறகு என்னைக் கைத்தாங்கலாக வேனுக்குக் கூட்டிப்போனார். அந்தக் கிண்ணம் அவருக்கு எவ்வளவு கனம் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒன்பது வருஷம் எனக்கு எவ்வளவு கனமாக இருந்தது என்று அவரும் கேட்டதில்லை.

மறுநாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினேன். வழியனுப்பத் துறைமுகத்துக்கு வந்த யோர்கோஸ் ஒரு பாட்டிலைப் பரிசாக நீட்டினார். ஷார்ஜா சட்டத்தைச் சொன்னதும் அவர் முகம் சாவு வீட்டுக்கு வந்தது போல ஆகிவிட்டது. மாற்றாக அந்தத் தீவில் விளையும் மஞ்சள் பருப்பு அரைக் கிலோ கொடுத்தார். ஷார்ஜாவில் சாம்பார் வைத்தேன். நம் துவரம்பருப்புக்குக் கிட்ட நிற்காது.

தீவைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் பாறையையும் பழைய நகரத்தையும் சொல்கிறேன். சொல்லாத ஒன்று உண்டு. ஷார்ஜா திரும்பி முதல் நாள் டூட்டி முடிந்து மிக்கேல் வந்தார். வாசலில் நின்று, பழக்க தோஷம், முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். நான் எட்ட நின்றே கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டு, தோசை ஊற்றட்டுமா என்று கேட்டபடி அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.