போர்டில் விளக்கு எரியாத பத்து நாள்

பிள்ளைகளா, உங்கள் போனை நான் தொட்டாலே மூன்று பேரும் "அப்பா!" என்று கத்துகிறீர்கள். முகம் தெரியாதவர்களோடு என்ன பேச்சு என்று கேட்டால், "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்கிறீர்கள். புரியும். முகம் தெரியாத சிநேகிதன் ஒருவன் எனக்கும் இருந்தான். அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்டதும் நான்தான். அதை எழுதிவிடுகிறேன்.

பத்தாவது முடித்துவிட்டு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டெலிபோன் போர்டில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் போர்டில் ஒரு சின்ன விளக்கு எரியும். வயரைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, இன்னொரு வயரால் உள்ளே இருப்பவருக்கு இணைக்க வேண்டும். இணைத்ததும் ஒரு ஸ்விட்சைத் தள்ளிவிட்டால் எனக்குப் பேச்சு கேட்காது. தள்ளாவிட்டால் எல்லாம் கேட்கும். நான் கேட்பது பேசுகிறவர்களுக்குத் தெரியாது.

மில்லின் பஞ்சு குடோன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. அந்த லைனுக்குப் போர்டில் தனி விளக்கு. அங்கிருந்த கிளார்க் தினமும் காலையில் கூப்பிட்டு எத்தனை பஞ்சு மூட்டை வந்தது, எத்தனை போனது என்று பேல் கணக்கு சொல்வான். நான் பென்சிலால் எழுதி ஆபீசில் கொடுப்பேன். எழுதி முடித்த பிறகுதான் எங்கள் பேச்சு. அவன்தான் ஆரம்பிப்பான்.

"மாப்ளே, இன்னைக்கு என்ன சாப்பாடு?"

"புளிச்சாதம்."

"நேத்தும் அதான சொன்ன?"

"நேத்து வச்சதுதாம்லே இது."

மூன்று வருஷம் இப்படிப் போனது. நடுவில் கொஞ்ச தூரம்தான், ஆனாலும் பார்த்துக்கொண்டதில்லை. அவனுக்கு ஞாயிறு லீவு, எனக்குப் புதன். குரலை வைத்து அவனை ஒல்லியான, நெட்டையான ஆளாக நினைத்திருந்தேன்.

பிறகு மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஒரு ஏ.சி. அறை. செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள டிப்ளமா படித்த ஒருவர் வந்தார். குடோன் கணக்கை இனி நேராக அவரிடமே சொல்ல வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார்.

முதல் வாரம், "மாப்ளே, நல்லாருக்கியா? சரி, லைனைக் குடு" என்றான். மூன்றாவது வாரம், "வெரசாக் குடுலே, அவரு காத்துக்கிட்டிருப்பாரு" என்றான். அன்றுதான் ஸ்விட்சைத் தள்ளாமல் விட்டேன். பேல் கணக்கு முடிந்தது. பிறகு அவன் அவரிடம் கேட்டான்: "மாப்ளே, இன்னைக்கு என்ன சாப்பாடு?"

அந்தக் கேள்வி எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு தினமும் கேட்டேன். ஒருநாள் அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "வன்னியம்பட்டி பொண்ணு வீட்டுல வேண்டாம்னுட்டாவளாம் மாப்ளே. குடோன்ல மூடை எண்ணுறவனுக்கு எப்படிக் குடுக்கன்னு தரகர்ட்ட கேட்டிருக்காவ. எங்க அம்மாட்டக்கூட இன்னும் சொல்லல. உங்கிட்ட மட்டும் சொல்லுதேன்." பெண் பார்த்ததைக்கூட அவன் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

அதே பேச்சில், ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவில் அருவிக்குப் போகலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். நான் வயிற்று வலி என்று லீவு போட்டுவிட்டு சைக்கிளில் போனேன். கம்ப்யூட்டர்காரர் பக்கத்தில் குட்டையாக, தொப்பையோடு ஒருவன் பாறையில் உட்கார்ந்திருந்தான். தற்செயலாக வந்ததுபோல் போய் நின்று பேச்சுக் கொடுத்தேன். என் குரலைக் கேட்டதும் துள்ளி எழுந்தான்.

"ஏலே, நீயா! இம்புட்டு நோஞ்சானா இருக்க? குரலக் கேட்டு நான் பயில்வான்னுல்லா நெனச்சேன்!"

ஈரக் கையோடு கட்டிக்கொண்டான். செத்த நேரம் எனக்கு உலகமே சரியாகிவிட்டது. பிறகு அவர்கள் இருவரும் பழைய பேச்சு எதையோ எடுத்துச் சிரித்தார்கள். நானும் நெருங்கினவன்தான் என்று காட்ட வேண்டும் போலிருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"வன்னியம்பட்டியில வேண்டாம்னா போறாவ மாப்ளே. ஒனக்கு நல்ல இடம் அமையும்."

அவன் சிரிப்பு நின்றது. என்னைப் பார்க்கவில்லை. அவர் பக்கம் திரும்பினான்.

"ஒங்கிட்ட மட்டுந்தான சொன்னேன்?"

"சத்தியமா நான் யார்ட்டயும் சொல்லல."

"பொறவு இவனுக்கு எப்படித் தெரியும்?"

நான் தலையைக் குனிந்து துண்டைப் பிழிந்தேன். நான் இன்னும் குளிக்கவே இல்லை, துண்டு காய்ந்துதான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவன் ஈரத்தின் மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு தனியாக இறங்கிப் போனான்.

திங்கட்கிழமையிலிருந்து பேல் கணக்கு லாரி டிரைவர் கையில் துண்டுச் சீட்டாக வந்தது. பத்து நாள் குடோன் விளக்கு எரியவே இல்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அவன் அவரோடும் பேசவில்லை அல்லவா?

பத்தாம் நாள் எனக்கு லீவு. கம்ப்யூட்டர்காரர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். "அண்ணே, ஒங்களுக்குத்தான் அவரு ரொம்ப நாள் பழக்கம். நான் சொல்லலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாரு" என்றார். என் மேல் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை.

மறுநாள் காலையில் நானே குடோனைக் கூப்பிட்டேன்.

"அவரு சொல்லலலே. நான்தான் லைன்ல கேட்டேன்."

"எத்தன நாளா?"

"அவரு வந்த மூணாவது வாரத்துலேர்ந்து."

"ஏம்லே?"

"எங்கிட்ட நீ பேசுறதே இல்லல்லா."

அதே மூச்சில், "இனிமே கேக்க மாட்டேன் மாப்ளே" என்றேன்.

"நீ கேக்கியா கேக்கலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் போனை வைத்துவிட்டான்.

விளக்கு மறுபடியும் தினமும் எரிந்தது. "கம்ப்யூட்டர் ரூம் குடுங்க" என்பான். ஸ்விட்சைத் தள்ளிவிடுவேன். இரண்டே நிமிஷத்தில் கணக்கு முடிந்து விளக்கு அணைந்துவிடும். சொந்தப் பேச்சுக்கு அவன் சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி வர ஆரம்பித்தான். மில் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் அவனும் கம்ப்யூட்டர்காரரும் உட்காருவார்கள். போர்டு அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். போர்டை விட்டு எழுந்து போக என்னால் முடியாது.

ஒரு சனிக்கிழமை அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். அதற்குள் அவர் ஏதோ சொல்ல, அவன் தொடையில் தட்டிச் சிரித்தான். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஜன்னல் கம்பியில் காதை வைத்தேன். நடுவில் பஸ் ரோடு. என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.