சாப்பிட்டதும் தேத்தண்ணி

பன்னிரண்டு வயதில், எங்கள் தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரையின் முன்னால் நின்று நான் தேயிலையைக் குறை சொல்ல வேண்டி வந்தது. விவாதத்தில் நானாகத் தேர்ந்த பக்கம் இல்லை. சீட்டுக் குலுக்கலில் விழுந்தது.

கொட்டகலைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பாடசாலைக்குச் சில மருத்துவ மாணவர்கள் வந்திருந்தார்கள். இரத்தச்சோகையைப் பற்றி நாடகம், ஓவியம், விவாதம் என்று பிள்ளைகளை வைத்தே தோட்டத்து மக்களுக்குச் சொல்வது அவர்கள் எண்ணம். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடிக்கலாமா என்பது விவாதத் தலைப்பு. குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று நான் பேச வேண்டும்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தொரை வர்ற எடத்துல இதையா பேசப்போற? நாளைக்கு தோட்டத்து லயத்து வீட்ட விட்டு எறங்குன்னா, ஒன் டீச்சர் வீட்டுலயா போயி இருக்கிறது?"

"விடுங்கண்ணே," என்றார் சித்தப்பா. "கோயிலுக்குள்ள நின்னுக்கிட்டு சாமி இல்லன்னு சொல்லப்போறா, அவ்வளவுதான்."

அம்மா சாப்பிட்டு முடித்துத் தேத்தண்ணி குடித்துவிட்டு, வழக்கம்போல ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

எனக்கு இரண்டு நாளாக எங்கள் சாமான்களெல்லாம் மழையில் ரோட்டோரம் கிடப்பதுபோலத் தோன்றிக்கொண்டே இருந்தது. விஞ்ஞானம் படிப்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். "தேத்தண்ணி குடிக்காதேங்கோ எண்டே சொல்லப்போறீர்? ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடியுங்கோ எண்டுதானே," என்றார் அவர். "பயத்தை விட்டிட்டு நல்ல உதாரணம் ஒண்டு தேடும். அது இல்லாமல் வெல்லேலாது."

தேடத் தேவையே இருக்கவில்லை.

விவாதத்தன்று முன்வரிசையில் துரை. அவருக்குப் பின்னால், கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணி. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்த பெண்கள் கடைசி வரிசையில், அம்மாவும் அவர்களோடு. பெயர் சொல்லப்போவதில்லை என்று சாமர்த்தியமாகத் தொடங்கினேன். எங்கள் லயத்தில் ஒரு பெண். மலைப்பாதையில் இரண்டாவது வளைவு ஏறுமுன் மூச்சு வாங்குகிறது. இமையைக் கீழே இழுத்தால் உள்ளே வெளுத்திருக்கிறது. பச்சரிசி மெல்கிறார். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும் என்பதால், பக்கத்து நிரைகளில் நிற்கும் இருவர் ஆளுக்குக் கொஞ்சம் அள்ளி அவர் பையில் போடுகிறார்கள். இதற்கெல்லாம் காரணம் இரத்தத்தில் இரும்பு இல்லாததுதான் என்றேன்.

பேசிய நேரமெல்லாம் துரையின் முகத்தை மட்டுமே பார்த்தேன். அவர் சிரித்தார். கை தட்டினார். ஒரு மணித்தியாலம் கழித்து இரண்டு கோப்பையாகக் குடியுங்கள் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதல் பரிசாக ஓர் அகராதி கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் மேடை ஏறிய முதல் ஆள் நான். அதை இன்றும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அடுத்த வாரம் அம்மா இரத்தம் சோதித்துக்கொண்டார். மாத்திரை கொடுத்தார்கள். தேத்தண்ணியையும் தள்ளிக் குடித்தார். சில மாதங்களில் மூச்சு வாங்குவது குறைந்தது. நான் பேசியதில் பிழை ஒன்றும் இல்லை.

ஆனால் விவாதத்துக்கு மறுநாளே கங்காணி, அம்மாவின் பையில் கொழுந்து போட்ட அந்த இரண்டு பெண்களையும் வேறு மலையில் பறிக்க மாற்றிவிட்டார். மூச்சு தேறும்வரை அம்மாவுக்குப் பல நாள் அரைப்பேர்தான். பின்னேரங்களில் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து கதைக்கும் அவர்கள் அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. குழாயடியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"எனக்குப் பரிசு கெடைச்சதுல அவங்களுக்குப் பொறாமம்மா," என்றேன்.

அம்மா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"இருக்கும்," என்றார்.

நான் அதை நம்பினேன்.