பொன்னுவேல் ஜீப்பின் பின்விளக்கு

பெருமாள்மலை முக்கில் மரியசெல்வம் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை போட்டுப் பதினேழு வருஷமாகிறது. மனுஷனுக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்ததும் கருகிய ஃபியூஸோ துருவேறிய பல்ப் ஹோல்டரோ, கெட்டுப்போன சாமானை வண்டிக்காரர் உள்ளங்கையில் வைத்து, "இதுதாங்க ஒங்கள இம்சை பண்ணுனது, பாத்துக்கங்க" என்பார். கையில் வாங்கிப் பார்த்த பிறகு யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மலை முழுக்க அவருக்கு நல்ல பெயர்.

அந்தப் பெயரைப் பொன்னுவேலின் ஜீப் ஆறே வாரத்தில் நாறடித்துவிட்டது.

பொன்னுவேல் தினமும் பன்னிரண்டு பிள்ளைகளைக் கொடைக்கானல் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய்ச் சாயங்காலம் கூட்டி வருகிறவன். ஜீப்பின் பிரேக் லைட் நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். மேகம் இறங்கியிருந்த ஒரு காலையில் வளைவுக்கு முன்னால் அவன் பிரேக் பிடித்தது தெரியாமல், பின்னால் வந்த டூரிஸ்ட் பஸ் ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. ஜீப்பின் கடைசி இடத்தில் உட்கார்ந்திருந்தது வேறு யாருமில்லை, மரியசெல்வத்தின் மகள் பிரின்ஸி. ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

வேறு வண்டியில் அனுப்பலாமே என்று கேட்பது சுலபம். அந்த நேரத்துக்குக் கீழேயிருந்து வரும் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. மரியசெல்வம் தன்னால் சரிபண்ண முடியாத வண்டியில் தன் பிள்ளையையே தினமும் ஏற்றிவிட்டு, அது வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்கப்புறம் எந்த வேலையிலும் மனசு ஒட்டாது.

வாரத்துக்கு ஒரு தடவை சாயங்காலம் ஜீப் கடைக்கு வரும். பிள்ளைகள் இறங்கி வீட்டுக்குப் போன பிறகு மரியசெல்வம் பின்னால் குத்தவைத்து உட்காருவார், பொன்னுவேல் பிரேக்கை மிதிப்பான். லைட் செக்கச்செவேலென்று எரியும். பல்பை மாற்றினார், பெடல் சுவிட்சை மாற்றினார், எர்த் ஒயரைச் சுரண்டி முறுக்கினார். மறுநாள் ரோட்டில் மறுபடியும் அணையும்.

"ஒங்க கடையக் கண்டா மட்டும் நல்ல புள்ளையாயிருதுண்ணே" என்று சிரித்தான் பொன்னுவேல். சிரிப்பில் சுரத்தில்லை. இன்னொரு தடவை அணைந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகப் பெற்றோர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆறாவது தடவை ஜீப் வந்த வெள்ளிக்கிழமை அது நடந்தது. பொன்னுவேல் முன்னால் பெடலை மிதித்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறந்துவிட்ட டிபன் பையை எடுக்க வீட்டிலிருந்து திரும்பி வந்த பிரின்ஸி வண்டியில் ஏறினாள். அவிழ்ந்த ஷூ லேஸைக் கட்டத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். லைட் அணைந்தது. எழுந்தாள், எரிந்தது.

"திரும்ப உக்காரு பாப்பா" என்றார் பின்னால் குத்தவைத்திருந்த மரியசெல்வம்.

அணைந்தது. பிரின்ஸியும் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியதை அவர் கவனிக்கவில்லை.

பொன்னுவேலை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, அவள் உட்கார்ந்த பலகையைக் கழற்றினார். போன வருஷம் அவரே போட்ட பலகை அது. பிரின்ஸிக்கு வளைவில் வாந்தி வரும். காற்றுப்படட்டும் என்று பெஞ்சின் கடைசியில் முக்கால் அடி பலகையை நீட்டி ஸ்குரு அடித்திருந்தார். ஒரு ஸ்குரு நீளமானது. அடியில் ஓடிய பிரேக் லைட் ஒயரில் இறங்கி, ஒரு வருஷக் குலுக்கலில் கொஞ்சம் கொஞ்சமாக அதை அறுத்துவிட்டிருந்தது. பாரம் அழுத்தினால் அறுந்த கம்பிகள் விலகும், வளைவில் அவள் மறுபக்கம் சாய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். அவரோ ஆறு வாரமும் ஆளில்லாத வண்டியைத்தான் சோதித்திருக்கிறார்.

பொன்னுவேல் டீயோடு திரும்புவதற்குள் ஒயரை ஒட்டி, சின்ன ஸ்குரு போட்டுப் பலகையை மூடிவிட்டார்.

"ஒயர் தேஞ்சு கெடந்துச்சுப்பா. இனிமே அணையாது."

வழக்கம்போலப் பொன்னுவேல் கையை நீட்டினான்.

"அது எங்கயோ விழுந்துருச்சு" என்றார் மரியசெல்வம். நீள ஸ்குரு அவர் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது.

அதன் பிறகு லைட் அணையவில்லை. பெற்றோர்களும் அடங்கிவிட்டார்கள். மரியசெல்வம் மட்டும் அந்த நீள ஸ்குருவைப் பாக்கெட்டை விட்டு எடுக்கவில்லை. இனி சொன்னால் மானம் போகும்.

பத்து நாள் கழித்துப் பொன்னுவேல் தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணே, பாப்பா இப்பல்லாம் உக்காரவே மாட்டேங்குது. கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டே வருது. ரெண்டு தடவ வாந்தி எடுத்துருச்சு. கேட்டா வாயே தெறக்கல."

அன்று சாயங்காலம் அவளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டார்.

"நான் உக்காந்தா லைட் அணைஞ்சிருதுல்லப்பா. பஸ்ஸு வந்து இடிச்சா எல்லாரும் செத்துருவாங்க. நான் நின்னுக்கிறேன்."

"அதான் அப்பா சரி பண்ணிட்டேன்ல?"

"அஞ்சு தடவ அப்படித்தான சொன்னீங்க."

மறுநாள் வெள்ளனே ஜீப்பை மறித்து நிறுத்தினார். பிள்ளைகளை ஏற்றிவிட வந்த அம்மாக்கள் நின்றார்கள். எல்லார் முன்னாலும் சொன்னார்: "போன வருசம் நான் அடிச்ச ஸ்குரு ஒயர அறுத்துருச்சு. அதனாலதான் லைட் அணைஞ்சது. பொன்னுவேலு மேலயும் தப்பில்ல, எம் பொண்ணு மேலயும் தப்பில்ல. பத்து நாளுக்கு முன்ன சரி பண்ணயிலயே தெரிஞ்சும் மறைச்சது நான்தான்."

ஏழாம் வகுப்புப் பையனின் அம்மா முருகேஸ்வரி கேட்டாள், "பத்து நாளா தெரிஞ்சுகிட்டே சும்மா இருந்தீங்களா? இப்ப மட்டும் ஒங்கள எப்படிங்க நம்புறது?"

பொன்னுவேல் மரியசெல்வத்தின் முகத்தைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பினான்.

"உக்காரு பாப்பா" என்றார் மரியசெல்வம், ஜீப்போடு நாலு எட்டு நடந்து. "அப்பா சொல்றேன்ல, உக்காரு."

பிரின்ஸி அவரைப் பார்த்தாள், பக்கத்திலிருந்த தன் பலகையையும் பார்த்தாள். கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.