பளிச்சென்று கழுவிய மீன்தொட்டி

பிராங்கிளினிடம் மீனைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போச்சு. "கடல்லயே கெடந்தவன்யா நானு, எனக்கே மீனா?" என்று பிடித்துக்கொள்வார். காசிமேட்டு விசைப்படகுகளில் போய்ப் போய் முழங்கால் தேய்ந்து, இப்போது ராயபுரத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். உடம்புதான் உட்கார்ந்தது, வாய் எங்கே உட்கார்ந்தது!

அந்த வீட்டுக்குத்தான் மருமகள் சங்கமித்ரா கண்ணாடித் தொட்டியும் தங்கமீன்களுமாக வந்து சேர்ந்தாள். எம்.கே.பி. நகர்ப் பெண், மகன் டெரிக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். "போயும் போயும் அந்த ஜாதியிலயா?" என்று முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட பிராங்கிளின், பிறகு மெல்ல இறங்கி வந்திருந்தார். தொட்டி அவளுடைய அண்ணன் பகலவனின் கல்யாணப் பரிசு.

"கொயம்புல போடற மீனுக்கு பங்களா கட்டிக் குடுத்துக்கீறா பாரு!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேலி செய்தார்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் சொன்னாள். "மாமா, தீனி மட்டும் ஒரு சிட்டிகை போடுங்க. தண்ணிய அண்ணன் வந்து மாத்திடும். நீங்க கை வைக்காதீங்க."

அவர் சிரித்து வைத்தார். ஆனால் சுருக்கென்று தைத்தது.

பெரம்பூர் ரயில்பெட்டிப் பட்டறை வேலை முடிந்து பகலவன் வாராவாரம் வந்தான். கால்வாசித் தண்ணீரை மட்டும் எடுப்பான். முந்தின நாளே வாளியில் பிடித்து வைக்கச் சொன்ன தண்ணீரை ஊற்றுவான். பில்டரின் ஸ்பாஞ்சை, எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசி, பழுப்பு மாறாமல் திரும்பச் செருகுவான். "இதுல நல்ல கிருமி கீது மாமா. அதுதான் மீனு கழிக்கிற வெசத்த முறிக்கும்" என்பான். பிராங்கிளினுக்கு எரிச்சலாக வரும். இவங்க சுத்தம் இவ்ளோதான் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு ஓடும். அதை வெளியே சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

பேத்தி வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாளும் பகலவன் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனான். பிராங்கிளினின் மனைவி ஞானம் சாயங்காலப் பூசைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். பிராங்கிளின் தொட்டியை உற்றுப் பார்த்தார். கண்ணாடி ஓரமெல்லாம் பாசி. "கொயந்த வர்ற வூட்ல இந்தக் கலீஜா?" என்று எழுந்தார். மீன்களைக் குண்டானில் போட்டார். தொட்டியைக் கவிழ்த்துச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார். ஸ்பாஞ்சை வெள்ளை வெளேரென்று ஆகும்வரை கசக்கினார். பிளீச்சிங் பவுடர் வாசம் வீசிய குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றி மீன்களை விட்டார். தொட்டி பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார்.

காலையில் ஞானம் அலறினாள். "ஐயோ மாதாவே, ஒண்ணு கூட உசுரோட இல்லியே! அந்தத் தம்பி நேத்து இன்னாத்த பண்ணிட்டுப் போச்சோ!"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தார் பிராங்கிளின். சொல் வரவில்லை. வலை வலையாக மீன் துடித்துச் சாவதைப் பார்த்த மனுஷன், மிதந்துகொண்டிருந்த அந்தத் துளியூண்டு மீன்களைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதியம் தங்கையையும் குழந்தையையும் ஆட்டோவில் அழைத்து வந்தான் பகலவன். ஆரத்தி எடுத்த கையோடு ஞானம் மீன் கதையைச் சொல்லிவிட்டாள். அவன் முகம் செத்துப்போனது.

"தண்ணி மாத்தறதுல ஏதோ தப்பு பண்ணிட்டேன் போலகீது. மன்னிச்சிக்கங்க மாமா" என்று இரண்டு கையையும் கூப்பினான்.

தன் வீட்டு நடுக்கூடத்தில், செய்யாத தப்புக்கு ஒருவன் தன்னைக் கும்பிடுகிறான்! பிராங்கிளினுக்கு உடம்பெல்லாம் கூசியது. "பர்வால்ல, வுடு" என்றார். அந்த வார்த்தையை எப்படித்தான் சொன்னாரோ!

சங்கமித்ரா குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுத் தொட்டியருகே போனாள். ஸ்பாஞ்சை எடுத்து மோந்தாள். மாமனாரை ஒருமுறை பார்த்தாள். அதை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பகலவன் இலையில் போட்ட பிரியாணியைப் பேருக்குக் கொறித்துவிட்டு எழுந்தான். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தபோது பிராங்கிளினுக்குத் தாங்கவில்லை.

"பகலவா, நில்லு. நான்தான்யா. நீ போனப்புறம் சோப்பு போட்டுக் கழுவுனேன். ஒம்மேல ஒரு தப்பும் இல்ல."

"ஸ்பாஞ்ச மோந்தப்பவே தெரியும் மாமா" என்றாள் சங்கமித்ரா. "எங்க அண்ணன் படி எறங்கறதுக்குள்ள சொல்றீங்களானுதான் பாத்துகினு இருந்தேன்."

பகலவன் பதறினான். "வுடு மித்ரா, மாமா தெரியாம செஞ்சிட்டாரு."

"மீனு விஷயத்துல தெரியாமதான் செஞ்சாரு. நீ கை கூப்பி நின்னப்ப அவருக்குத் தெரியும்ல?"