பாட்டில் இருந்த பெயர்

ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில்தான் அந்தப் பாட்டைக் கட்டினோம். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனதும், எங்களோடு காய் பறிக்கும் பாண்டியம்மாவை அவள் வீட்டுக்காரர் தேர்தலில் நிறுத்தினார். நம்மில் ஒருத்தி நிற்கிறாளே என்று பூரித்துப்போனோம். போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் நான் ஒரு வரி எடுத்துக் கொடுப்பேன். மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். ஒவ்வொரு அடியும் "எங்க பாண்டியம்மா" என்றுதான் முடியும். சாயங்காலம் மலை இறங்கியதும், கால்வலியோடு தெருத் தெருவாகப் பாடி ஓட்டுக் கேட்டோம்.

ஜெயித்தாள். ஊராட்சி அலுவலகத்தில் கொட்டு முழங்க, மாலை அவள் வீட்டுக்காரர் கழுத்தில் விழுந்தது. தலைவர் நாற்காலியிலும் அவர்தான் உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே குரலை உயர்த்திப் பாட்டை ஆரம்பித்தேன். பாண்டியம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"யக்கா, பாட்ட நிப்பாட்டு. அவரு பேசப் போறாரு."

பாதி வரியில் நின்றுவிட்டேன்.

இன்றும் அவர் அலுவலகம் போகிறார். அவள் எங்களோடு காய் பறிக்க வருகிறாள். நேற்று ஜீப்பில் அவளே அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். தன் பெயர் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, அடுத்த அடிக்குப் போனாள். அந்தப் பெயரை நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.