சீன வலைகளுக்கு அருகே இருபது நிமிடம்

எனக்கு ஒன்பது வயதில் வீரத்துக்காக ஒரு பரிசு கிடைத்தது. கையளவு மரப்படகு. கொச்சிக் கடலோரத்துக் கடை ஒன்றில் என் மாமா, அதாவது அப்பாவின் அக்காவைக் கட்டியவர், அதை வாங்கிக் கொடுத்தார். கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு ஷோகேஸில் அது நெடுநாள் இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படகைக் காட்டி, அது கிடைத்த கதையை நான் சொல்ல வேண்டும். சொல்வேன். ஒரு தடவைகூட எனக்கு அலுத்ததில்லை. இப்போது அதே கதையை வேறு மாதிரிதான் சொல்ல முடியும்.

என் சித்தப்பாவுக்கு முப்பத்தேழு வயது வரை பெண் கிடைக்கவில்லை. ஆளிடம் குறையொன்றும் இல்லை. வாழையும் தென்னையும் இருந்தன, வாய்க்கால் தண்ணீர் இருந்தது. ஆனால் தோட்டம் பார்க்கிற மாப்பிள்ளை என்றாலே எங்கள் சனத்தில் பெண் வீட்டார் ஜாதகத்தை மடித்துத் திருப்பிக் கொடுக்கும் காலம் வந்திருந்தது. கடைசியில் ஒரு தரகர் மூலம் கொச்சியிலிருந்து சித்தி வந்தாள். அவளுடைய அப்பா அங்கே கடலோரத்தில் சீன வலை இழுக்கிறவர். அம்மா முன்பே இறந்துவிட்டாள். சாதி வேறு, மொழி வேறு. இது அப்பா, அம்மா, சித்தப்பா மூவருக்கு மட்டும் தெரியும்.

அத்தை, மாமா உட்பட மற்ற எல்லோருக்கும் சொன்ன கதை வேறு. பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம், எல்லையோரத்து ஊரில் நம்ம சனத்துப் பெண். தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லை. அதனால்தான் கல்யாணத்தைக் கோவிலில் சுருக்கமாக முடித்துவிட்டோம். என்ன கூட்டம், அதாவது சனத்துக்குள் எந்தக் குலம் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு கூட்டத்தின் பெயரையும் சித்திக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உயிரோடு இருக்கிற அப்பாவை இல்லை என்று சொல்ல அவள் ஒப்புக்கொண்டாள். அவரும் ஒப்புக்கொண்டார்.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. சித்தி எங்களைவிட அதிகமாக 'ங்க' போடுவாள் என்பது தெரியும். கன்றுக்குட்டியைக்கூட "தள்ளி நில்லுங்க" என்பாள். நாங்கள் சிரிப்போம், அவளும் சிரிப்பாள். அவளுடைய மகன், என் தம்பி, பிறந்த பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாதபோது அவனிடம் ஏதோ புரியாத பேச்சில் பேசுவாள். பச்சைக் குழந்தைகளிடம் அப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா பெரிய மனிதர். குலதெய்வக் கோவிலில் அவரைக் கேட்காமல் பூசைக்கு நாள் குறிக்க மாட்டார்கள். விஷயம் தெரிந்தால் எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார், அத்தையையும் அனுப்ப மாட்டார். அதே மாமாதான் சித்தியிடம் எல்லோரையும்விடப் பிரியமாக இருந்தார். கல்யாணத்தன்றே, "ஆளில்லாத புள்ளைன்னு ஒருத்தரும் சொல்லப்படாது அம்மணி. நாந்தான் உனக்கு அண்ணன்" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவர். அந்தப் பிரியத்தில் ஒரு துளி பொய் இல்லை. அதனால்தான் அவர்மேல் முழுதாகக் கோபப்படக்கூட என்னால் முடிவதில்லை.

தம்பிக்கு ஆறு மாதம் ஆனதும் குருவாயூரில் முதல் சோறு ஊட்டுவதற்காக வேன் பிடித்துப் போனோம். அப்பா, அம்மா, அத்தை, மாமா, சித்தப்பா, சித்தி, தம்பி, நான். கோவில் கூட்டத்தைப் பார்த்து மிரண்ட அப்பா என் தலையில் கை வைத்து, "அம்மணி, நீதான் தம்பிக்கு வாட்ச்மேன். அவன் மேல இருந்து கண்ணெடுக்கப்படாது" என்றார். சும்மா சொன்னதுதான். ஆனால் எனக்கு அதுவரை யாரும் எந்த வேலையும் கொடுத்ததில்லை. தம்பி தூங்கும்போதுகூட நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சோறூட்டிவிட்டு நேரே வீடு திரும்புவதாகத்தான் ஏற்பாடு. வேனில் ஏறும்போது சித்தி, எல்லார் காதிலும் விழும்படி, சித்தப்பாவிடம் கேட்டாள்.

"ஏனுங்க, இவ்வளவு தூரம் வந்துட்டமுங்க. கொச்சியில கடலைப் பாத்துப்போட்டுப் போலாமுங்களா?"

எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. "புள்ளை ஆசைப்படுது, போலாம் மாப்ள" என்று மாமாவே அப்பாவிடம் சொன்னார். சித்தப்பா போனில் பேசி, மறுநாள் காலைக்கு அரைநாள் டூர் ஒன்றைப் பிடித்தார். கைடு எங்கள் வேனிலேயே ஏறிக்கொள்வார், எட்டரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரைக்குள் எல்லாம் காட்டி முடித்துவிடுவார். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் என்று சித்தப்பா அவரிடம் நான்கு தடவை கேட்டார். தன் ஒரே மகளின் பிள்ளையை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க சித்தியின் அப்பாவுக்கு அவர்கள் ஒதுக்கிய நேரம் அந்த டூருக்குள் இருந்தது.

கைடு வெள்ளைச் சட்டை போட்ட இளைஞர். மடக்கிய குடையை உயரத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பழைய தேவாலயத்து வாசலில், வேண்டியதில்லை என்று அவர் சொல்லியும் மாமா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். அரண்மனைச் சுவரெல்லாம் ஓவியம். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது தம்பியை. சித்தியின் கால்கள் அடிக்கடி எங்களை முந்திக்கொண்டு சரியான சந்தில் திரும்பின. உடனே நின்று, எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டாள். அதைக் கவனித்த கைடு அவளிடம் மலையாளத்தில் ஏதோ கேட்டார். "என்ன சொல்றாருன்னு தெரியலைங்க" என்று அவள் சித்தப்பாவிடம் சொன்னாள்.

அரண்மனை வாசலில் நின்று கைடு வரலாறு சொன்னார். முதலில் போர்ச்சுகீசியர், பிறகு டச்சுக்காரர், பிறகு இங்கிலீஷ்காரர். கப்பலில் பெண்கள் வரவில்லை, அதனால் அந்தச் சிப்பாய்கள் இங்கேயே பெண் கட்டிக்கொண்டார்கள் என்றார். மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அவனுக ஊருல பொண்ணு குடுக்கலைன்னு இங்க வந்துட்டானுகளாக்கும்! இங்கத்த ஆளுகளும் ரோசமில்லாம கட்டிக் குடுத்திருக்கறாங்க பாரு மாப்ள."

அப்பா சிரித்ததாகப் பேர் பண்ணினார். சித்தப்பா செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. சித்தி தம்பியின் தொப்பியைச் சரிசெய்தாள்.

அடுத்தது மசாலாக் கடைகள் இருக்கும் தெரு. அங்கே அத்தை கிராம்பையும் பட்டையையும் முகர்ந்து முகர்ந்து விலை பேசினாள். சித்தி செல்போனில் மணியைப் பார்த்தாள். அத்தை அடுத்த கடைக்குப் போனாள். சித்தி மறுபடி மணியைப் பார்த்தாள். அன்றைக்கு அத்தனை அவசரப்பட்டது அவள் ஒருத்திதான். நாங்கள் எல்லோரும் லீவில் வந்தவர்கள்.

கடைசியாக வலைகள். கரையோரம் வரிசையாக, பெரிய பெரிய மரக்கழிகளில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கியிருந்தார்கள். கயிற்றில் கட்டிய கற்கள் தொங்கின. நான்கைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தால் வலை மேலே வரும். "இவிடெ இருபது மினிட் உண்டு. வேணுங்கிறவங்க கயிறு இழுக்கலாம்" என்றார் கைடு. மாமாவும் அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகை மேல் ஏறிவிட்டார்கள். அத்தையும் அம்மாவும் சங்குக் கடைக்குப் போனார்கள். சித்தப்பா என் கையைப் பிடித்து, "வா கண்ணு, ஐஸ்கிரீம் வாங்கித் தாரேன்" என்று இழுத்துக்கொண்டு போனார். அவர் என்னிடம் அவ்வளவு கொஞ்சிப் பேசுகிறவர் இல்லை.

ஐஸ்கிரீம் வண்டியில் கூட்டம். எனக்குத் தம்பி ஞாபகம் வந்துவிட்டது. சித்தப்பா பார்க்காதபோது கையை உருவிக்கொண்டு ஓடி வந்தேன்.

மீன் கடைகளுக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே, மடித்துக் கட்டிய லுங்கியும் வெற்று மார்புமாக நரைத்த மனிதர் ஒருவர் தம்பியை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் மெதுவாக நடந்துகொண்டிருந்தார். தம்பி அவர் காதைப் பிடித்து இழுத்தான். சித்தி பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து நின்றாள். மாமா தற்செயலாகத் திரும்பினால் ஒன்றும் தோன்றக்கூடாது என்றுதான் அப்படி நின்றிருக்கிறாள். பாவி எனக்குத் தோன்றியது வேறு. சித்தி கடலை வேடிக்கை பார்க்கிறாள், அவளுக்குத் தெரியாமல் ஒருவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறான்.

"மாமா! தம்பியத் தூக்கீட்டுப் போறாங்க!" என்று கத்தினேன். என் குரல் நன்றாகக் கேட்கும். பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசிப்பது நான்தான்.

மாமா கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தார். வந்த வேகத்தில் அந்த மனிதரை ஓங்கி அறைந்தார். அடி விழுந்தபோது அவர் தன் முகத்தைக் காத்துக்கொள்ளவில்லை. இரண்டு கைகளாலும் தம்பியின் தலையை மூடிக்கொண்டார். அப்பா குழந்தையைப் பிடுங்கினார், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தம்பி வீறிட்டு அழுதான். வலைக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் ஆத்திரத்தோடு எங்களிடம் எதையோ சொல்ல வாயெடுத்தார். அடி வாங்கியவர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு கைடிடம் தணிந்த குரலில் நான்கு வார்த்தை பேசினார். கைடு சித்தியை ஒரு தரம் பார்த்தார்.

"குழந்தைன்னா இவருக்கு ரொம்ப இஷ்டம். சும்மா கொஞ்சறதுக்கு எடுத்திருக்கார். தப்பா நினைக்கண்டா" என்றார்.

மாமாவுக்கு மூச்சு வாங்கியது. சித்தியைப் பார்த்து, "ஏம்மணி, நீயா இவங்கிட்டக் குடுத்தே? இவன் யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

சித்தப்பா இரண்டு கையிலும் ஐஸ்கிரீமோடு வந்து நின்றார். ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தது. அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அப்பாவும் பேசியிருக்கலாம்.

"தெரியாதுங்ணா" என்றாள் சித்தி.

சுத்தமான எங்கள் ஊர்ப் பேச்சு. நாங்கள் கற்றுக்கொடுத்தது. அந்த மனிதர் கன்னத்தில் கை வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

வேனுக்குத் திரும்பும் வழியில் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். "இந்தப் புள்ளை இல்லீன்னா இன்னிக்கு நம்ம கதி என்னாயிருக்கும்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். கடையில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் படகை எடுத்தேன். "தேங்க்ஸ் சொல்லு அம்மணி அவளுக்கு" என்று அத்தை சித்தியிடம் சொன்னாள். சித்தி என் தலையைத் தடவி, "தேங்க்ஸுங்க கண்ணு" என்றாள்.

என் காவல் அத்தோடு முடியவில்லை. வேன் பாலத்தின் மேல் போகும்போது தம்பியின் கையில் ஒரு கருப்பு வளையலைப் பார்த்தேன். காலையில் அது இல்லை. உடனே சொல்லிவிட்டேன். "என்னத்தையோ மந்திரிச்சு மாட்டி உட்டுட்டான் போல. கழட்டி வீசு அம்மணி" என்று பதறினாள் அத்தை. தம்பியின் கை கொழுகொழுவென்று இருந்தது, வளையல் எளிதில் வரவில்லை. சித்தி எச்சில் தொட்டுத் தடவித் தடவிக் கழற்றினாள். ஜன்னல் வழியே அவளே வீசினாள்.

அதன் பிறகு எத்தனை விசேஷங்களில் நான் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். மாமா கூப்பிட்டு நடுவில் நிறுத்துவார். நான் கத்தியதையும் அவர் அறைந்ததையும் நடித்துக் காட்டுவேன். இலைக்கு இலை குனிந்து பரிமாறிக்கொண்டிருக்கும் சித்தியிடம், "அப்படித்தானே சித்தி?" என்று சாட்சி கேட்பேன். "ஆமாங்க கண்ணு" என்பாள்.

மாமா காலமான பிறகு ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள். "அன்னிக்கு உங்க மாமா அடிச்சது சித்தியோட அப்பாவைத்தான். இனிமேச் சொன்னா என்ன வந்துது." அந்த மனிதரும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். செய்தி போனில் வந்ததாம். சித்தி தலைவலி என்று ஒரு நாள் படுத்திருந்துவிட்டு, மறுநாள் எழுந்து எங்களுக்கெல்லாம் தோசை சுட்டாளாம். அந்தத் தோசையை நானும் தின்றிருப்பேன்.

நேரே சித்தியிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் அழுகைதான் வந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ சின்னப்புள்ளைங்க கண்ணு, உனக்கென்ன தெரியும்" என்றாள். என் கண்ணைத் துடைத்துவிட்டு, "இருபது நிமிசம்னு கைடு சொன்னாருங்க. ஏழு நிமிசந்தான் ஆச்சு" என்றாள்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. வேன் கிளம்பியபோது பின்சீட்டில் மண்டிபோட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்த மனிதர் சாலை வரைக்கும் வந்து நின்றிருந்தார். கையைத் தூக்கி ஆட்டினார். என்னைத்தான் மிரட்டுகிறார் என்று நினைத்தேன். மாமா பக்கத்தில் இருக்கும்போது எனக்கென்ன பயம்? புதுப் படகைத் தூக்கிக் காட்டி, அவர் கண்ணுக்கு மறையும் வரை நாக்கைத் துருத்திக்கொண்டே இருந்தேன்.